மாமியார் குளவிக்கு நாலு பல்

ஏழாவது முறை எண்ணியபோதும் ஐந்துதான் வந்தது. விச்சித் எட்டாவது முறை எண்ணத் தொடங்கினான்.

நுண்ணோக்கிக்கு அடியில் பச்சையாய் மினுங்கியது குயில்குளவி. வால் விளிம்பில் எத்தனை பல் என்று எண்ணித்தான் அது எந்த இனம் என்று சொல்ல முடியும். சீட்டில் 'நான்கு பல்' என்றிருந்தது. எழுதியவர் பூச்சிக் காட்சியகத் தலைவர் பேராசிரியர் சக்தா. முப்பது வருஷத்துக்கு முன் இந்த இனத்தைக் கண்டுபிடித்து, அதற்குத் தன் மாமியார் பெயரை வைத்தவர். குயில்குளவி அடுத்த குளவியின் மண்கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும்; அதன் புழு அந்த வீட்டுச் சாப்பாட்டைத் தின்று கொழுக்கும். மாமியார் என்ன நினைத்தாரோ, தெரியாது.

உலகத்திலேயே அந்த ஒன்றுதான் கிடைத்திருந்தது. மூன்று மணிக்குச் சக்தா சீட்டையும் குளவியையும் ஒப்பிட்டுப் பார்க்க வருவார். சரிபார்ப்பில் தேறினால் விச்சித்துக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சியாங்ராயில் அண்ணனின் பன்றிப் பண்ணைதான்.

"அவர் தப்பா எண்ணிட்டாருன்னு சொல்லிடேன் தம்பி," என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த புவாபான்.

"அவர்கிட்டயா? அதுக்குப் பன்னிங்களே தேவலக்கா."

"அப்ப வாசல்ல குட்டி வீட்டுல இருக்கிற சாமிக்குச் சிவப்பு சோடா வச்சு வேண்டிக்க."

ஐந்தாவது வெறும் தூசியாக இருக்கும் என்று தூரிகையால் தட்டினான். குளவியின் மீசை ஒன்று உதிர்ந்தது. பசை வைத்து ஒட்டினான். தூரிகையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்ததில் ஒரு கால் போனது. மணி மூன்றாகப் போகிறது. வேறு வழி தெரியாமல் ஊசியை எடுத்து ஐந்தாவது பல்லைச் சுரண்டிவிட்டான்.

"என்ன தம்பி, பல் டாக்டர் வேலையா?"

"பேசாம தொடைங்கக்கா."

சக்தா வந்தார், குனிந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "முப்பது வருஷமாச்சு, அப்படியே இருக்கா. ஆமா, ஒரு காலைக் காணோமே?"

"வயசாயிடுச்சுங்க சார்."

"பாவம். நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்."

அவர் போனதும் விச்சித் பொத்தென்று உட்கார்ந்தான். சந்தோஷமே வரவில்லை. புவாபான் எறும்பு ஏறாமலிருக்க மேசைக்கால் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உலகத்துல இருந்த ஒரே ஒரு குளவியக்கா. அதைப் போய் நான் கெடுத்துட்டேன்."

"அழாத தம்பி, அது எப்பவோ போச்சு," என்றாள் அவள், செம்பைக் கீழே வைக்காமலே. "போன மழையில கிண்ணத்துக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டேன், எறும்பு தின்னுடுச்சு, இது வாசல் சாமி வீட்டு மண்கூட்டுல இருந்தது, சோடா வச்சு உத்தரவு கேட்டு நான்தான் பிடிச்சு அந்தச் சீட்டுல குத்தி வச்சேன்."