வாலில்லாத வசனம்

அன்று தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று தொடங்கிவிட்டதா இல்லையா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. ஒருவர் தொடங்கியது என்கிறார், இன்னொருவர் இல்லவே இல்லை என்கிறார். இரண்டையும் நம்பிப் பார்த்துவிட்டேன். ஆனால் தீவுகளுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில், திரேசம்மாவின் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்த கட்சி அமைப்பாளர் அன்ரனிதாசின் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. காதில் வைத்த போனில் கட்சிச் செயலாளரின் குரல் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"புதுப் படகு ஒண்டுதானே விடுறதெண்டு கட்சி சொன்னது?"

"ஓம் ஐயா."

"பேந்தென்ன? நெடுந்தீவிலை தேர்தலுக்கு நிக்கிற எங்கட ஆள் அது நெடுந்தீவுப் படகெண்டு சொல்லியிருக்கிறார். நயினாதீவிலை நிக்கிற எங்கட ஆள் அது நயினாதீவுப் படகெண்டு சொல்லியிருக்கிறா. ரெண்டு தீவுச் சனமும் ஒரே துறையிலை நிண்டு கதைக்குமெண்டு உமக்குத் தெரியாதோ?"

தெரியும். அன்ரனிதாசின் கண்முன்னாலேயே சனம் கதைத்துக்கொண்டிருந்தது. நெடுந்தீவுப் படகுக்கு ஒரு வரிசை, நயினாதீவுப் படகுக்கு ஒரு வரிசை. சிரிப்பு மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை தலைவர் வாறார். அதுக்குள்ளை எல்லாரும் ஒரே கதை கதைக்கவேணும். இல்லாட்டித் தீவக அமைப்பாளர் வேற ஆள்."

அன்ரனிதாஸ் போனை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். இந்தப் பதவிக்காகத்தான் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வேலையை விட்டிருந்தார். மனைவி நிலக்சனாவிடம் லீவு என்று சொல்லியிருந்தார். தேர்தல் முடிந்ததும் உண்மையைச் சொல்லலாம், வென்றவனின் பொய்யை வீடு மன்னிக்கும் என்பது அவருடைய எண்ணம்.

"யோசிக்காதையும் தம்பி," என்றாள் திரேசம்மா. "இந்த முறை உங்களுக்குத்தான். அதிலை மாற்றமில்லை."

வரிசையில் நின்ற ஒருவரும் திரும்பிப் பார்த்தார். "ஓம் தம்பி, இந்த முறை உங்களுக்குத்தான். அதிலை மாற்றமில்லை."

அன்ரனிதாசுக்கு மூச்சு வந்தது. சனம் சரியாகத்தான் இருக்கிறது. வேட்பாளர்களின் வாயைத்தான் கட்டவேண்டும்.

அன்று பின்னேரமே ஒரு வசனம் செய்தார். 'புதுப் படகு தீவக மக்கள் எல்லாருக்கும் பொதுவானது.' அதைக் கொண்டுபோய் நெடுந்தீவு வேட்பாளர், மாடு வளர்க்கும் பஸ்ரியாம்பிள்ளையிடம் கொடுத்தார்.

"நல்ல வசனம்தான்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "ஆனா 'இரவிலை நெடுந்தீவிலைதான் கட்டுறது' எண்டு ஒரு வால் வைப்பம்."

"வால் வேண்டாம் அண்ணை."

"வாலில்லாத மாடு இலையானை எப்பிடியடா துரத்தும்?"

நயினாதீவு வேட்பாளர் பிரியவதனி ரீச்சர் வசனத்தைப் பாடமாக்கினார். பிறகு, "முதல் ஓட்டம் எங்களுக்கெண்டு கடைசியிலை சேர்த்தால் வடிவாயிருக்கும்," என்றார்.

மறுநாள் காலை இரண்டு வாலும் இறங்குதுறையில் சந்தித்தன. செயலாளர் மறுபடி போன் எடுத்தார்.

அன்ரனிதாஸ் கட்டளையை இறுக்கினார். வசனத்தைத் தவிர வேறு ஒரு சொல்லும் வரக்கூடாது, ஆர் என்ன கேட்டாலும்.

அடுத்த நாள் அன்ரனிதாசும் பஸ்ரியாம்பிள்ளையும் நெடுந்தீவில் வீடு வீடாகப் போகையில் பிலிப்பு என்பவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அண்ணை! என்ர பசு கிணத்துக்கை விழுந்திட்டுது! நீங்கள்தான் வந்து தூக்கவேணும்!"

பஸ்ரியாம்பிள்ளை அன்ரனிதாசைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "புதுப் படகு தீவக மக்கள் எல்லாருக்கும் பொதுவானது."

"கிணத்துக்கை படகு விடப்போறியளோ?"

பசுவை வேறு ஆட்கள் தூக்கினார்கள். கதையை அன்றைய கடைசிப் படகு தூக்கிக்கொண்டு போனது.

"இனி ஒண்டும் கதைக்கவேண்டாம். சிரிச்சாக் காணும்," என்று அன்ரனிதாஸ் இரண்டு பேரிடமும் சொன்னார்.

சொன்னபடியே பிரியவதனி ரீச்சர் சிரித்தார். அவர் அன்று போனது ஒரு செத்தவீட்டுக்கு.

இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு துண்டாக விழுந்துகொண்டிருந்தபோது, அன்ரனிதாசைத் தாங்கிப் பிடித்தது சனம்தான். மாட்டுக்காரப் பிலிப்பு கூட, கயிற்றைச் சுருட்டியபடி, "இந்த முறை உங்களுக்குத்தான். அதிலை மாற்றமில்லை," என்றார். செத்தவீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே சொன்னார். இவ்வளவுக்குப் பிறகுமா என்று அன்ரனிதாஸ் நெகிழ்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை இறங்குதுறையில் மேடை போட்டார்கள். அன்ரனிதாஸ் வேட்பாளர் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். "தலைவர் கதைச்சு முடிய எழும்பி, வசனத்தைச் சேர்ந்து சொல்லிப்போட்டு இருங்கோ. வால் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம்."

எல்லாருக்கும் சொன்னவர், தலைவருக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். கடலைப் பார்த்தார். உணர்ச்சிவசப்பட்டார். "படகென்ன படகு? இனி இந்தக் கடலிலை படகே வேண்டாம்! நாங்கள் பாலம் போடுவம்!"

சொல்லி முடித்ததும் இரண்டு வேட்பாளர்களும் எழும்பினார்கள். ஒரே குரலில், ஒரு சொல்லும் பிசகாமல்: "புதுப் படகு தீவக மக்கள் எல்லாருக்கும் பொதுவானது."

அலை துறைத் தூண்களில் அடிப்பது மட்டும் கேட்டது. அன்ரனிதாசின் மனதில் நிலக்சனாவின் முகம் ஒருதரம் வந்துபோனது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "இந்த முறை உங்களுக்குத்தான்!" துறை முழுவதும் அதைத் தொடர்ந்தது. "அதிலை மாற்றமில்லை!"

தலைவருக்குக் கண் கலங்கியது. "பாத்தீரே அன்ரனிதாஸ், சனத்தின்ர ஒற்றுமையை! இதைத்தான் நான் கட்சியிட்டைக் கேக்கிறன்."

அந்தத் துணிவில் அன்று பின்னேரமே அன்ரனிதாஸ் நிலக்சனாவிடம் வேலையை விட்ட கதையைச் சொல்லிவிட்டார்.

நிலக்சனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வெல்லுவியளோ?"

"சனம் முழுக்க ஒரே வாய்," என்றார்.

தேர்தலில் இரண்டு தீவிலும் சுயேச்சைக் குழு வென்றது. கட்சிக்கு விழுந்த வாக்கு வேட்பாளர்களின் சொந்தக்காரரின் எண்ணிக்கைக்கே காணாது.

பஸ்ரியாம்பிள்ளை மாடுகளிடம் திரும்பிப் போனார். இப்போது கிணற்றில் மாடு விழுந்தால் கேட்காமலே ஓடுகிறார். ரீச்சர் பழையபடி ரியூசன் கொடுக்கிறார், செத்தவீடுகளுக்குப் போவதில்லை. தலைவர் வேறு மாவட்டத்தில் வேறு கடலுக்குப் பாலம் போட்டுக்கொண்டிருக்கிறார். புதுப் படகு வரவில்லை. அன்ரனிதாஸ் அதே சங்கக்கடையில், புது மனேச்சருக்குக் கீழே, சீனி நிறுக்கிறார். நிலக்சனா அவரோடு கதைக்கிறாள், ஆனால் அளந்துதான்.

ஒரு நாள் அவர் குறிகட்டுவானுக்கு வந்து அதே வாங்கில் இருந்தார். வாங்கிய தேநீர் கையிலேயே ஆறிப்போனது.

"அக்கா, ஒருத்தர் ரெண்டு பேர் மாறியிருந்தால் விளங்கும். ஆனா எல்லாரும் உங்களுக்குத்தான் எண்டல்லோ சொன்னவை?"

திரேசம்மா ஆறிய தேநீரை ஊற்றிவிட்டு வேறு சூடாக வார்த்தாள்.

"ஓம் தம்பி, ஆர் வோட்டுக் கேட்டு வந்தாலும் அதைத்தான் சொல்லுறதெண்டு, படகுக்கு நிண்ட சனமெல்லாம் இந்த வாங்கிலை கூடி முடிவெடுத்தனாங்கள், பாத்தீரே, ஒருத்தரும் வால் வைக்கேல்லை."