சோறு வரட்டும் என்று காத்திருந்தேன்

சோற்று விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள் நான். இந்தத் தெனாவட்டுதான் அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குச் சீனாவிலிருந்து புது மெஷின் வந்திருந்தது. அதைப் பொருத்த வந்த இன்ஜினீயர் லின், மனைவியோடு பருத்திப்பட்டில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தார். பயிற்சிக்காக எங்களில் ஒரே ஒருவரைச் சீனாவுக்கு அனுப்புவார்கள். யாரை என்று லின்தான் சொல்ல வேண்டும். (நான் புதுப் பெட்டியே வாங்கிவிட்டேன். அவ்வளவு நம்பிக்கை!) அந்த நேரம் பார்த்து என்னையும் என் வீட்டுக்காரரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

"அவங்களும் நம்மள மாதிரி அரிசிதாங்க. கவலையே படாதீங்க" என்று வீட்டுக்காரருக்குத் தைரியம் சொல்லி அழைத்துப் போனேன். இவர் சென்னைப் பக்கம் அண்ணனூர்க்காரர். விருந்து என்றதும் காலையிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டிருந்தார்.

மீன், கோழி, கத்திரிக்காய், தக்காளி போட்ட முட்டை, கீரை என்று மேஜை நிறைந்துவிட்டது. எல்லாம் லின்னின் மனைவி ஒற்றை ஆளாகச் சமைத்தது. நாங்கள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தோம். நடுவில் சோற்றுக்கு இடம் விட்டு, சமர்த்தாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பொரியலை மட்டும் தின்றுவிட்டு யாராவது எழுந்திருப்பார்களா?

"இன்னாம்மே, சோறு எப்ப வரும்? பசில கண்ணக் கட்டுது" என்று காதைக் கடித்தார் இவர்.

"சும்மா இருங்க. வெந்துகிட்டிருக்கும்."

அந்த அம்மாளின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "பிடிக்கவில்லையா?" என்று லின் ஆங்கிலத்தில் கேட்டார். "பிரமாதம்" என்றேன், ஒரு வாய்கூடத் தின்னாமல். கடைசியில் பொறுக்க மாட்டாமல் நானே கேட்டேன்: "ரைஸ்?"

சின்னக் கிண்ணங்களில் வந்தது. அவ்வளவுதான்! தட்டில் கவிழ்த்து, மீன் சாற்றை ஊற்றிப் பிசைந்து ஒரு பிடி பிடித்தோம். மூன்றாம் கிண்ணம் கேட்டபோது அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே மறுபடி வாணலி சத்தம்.

லின் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தினப்படி சாப்பாட்டுக்கு எங்களுக்கும் சோறுதான். ஆனால் எங்கள் ஊரில் விருந்து என்றால் மீனும் கறியும்தான். வயிற்றில் மிச்சம் இடமிருந்தால் கடைசியில் ஒரு வாய் சோறு. விருந்தாளி சோற்றால் வயிற்றை நிரப்பினால், சமைத்தது போதவில்லை என்று அர்த்தம். அதான் இன்னும் செய்யப் போயிருக்கிறாள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீனா போச்சு! அதைவிட, பாவம், அந்த அம்மாளை அழ வைத்துவிட்டேனே என்றிருந்தது. விடுவிடுவென்று சமையலறைக்குள் போனேன். வாணலியிலிருந்து இறக்கிய கோழியை, சோறே இல்லாமல், நின்றபடியே தின்றேன். வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டியதும்தான் அவர் சிரித்தார்.

லின் என் பெயரைத்தான் சொன்னார். சீனாவில் முதல் நாள் விருந்து. லின்னும் ஊர் திரும்பியிருந்தார். எந்தப் பதார்த்தமும் வருவதற்கு முன்னால், ஒரு குக்கர் நிறையச் சோற்றைக் கொண்டுவந்து என் முன்னால் மட்டும் வைத்தார்கள். லின் எழுந்து சீன மொழியில் ஏதோ சொல்ல, மேஜையே கைதட்டியது. (அசரவில்லை. மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.)

இதை வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. இப்போது எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ஊரே கேட்கச் சொல்கிறார்:

"அண்ணாத்தே, இந்தம்மாவுக்கு மொதல்ல சோத்தப் போட்டுடு. இல்லாங்காட்டி உள்ள சமைக்கிறவரு அழுதுடுவாரு!"