கூரை ஒழுக்கின் மூலப்படைப்பு

ஆவணக் காப்பக எழுத்தருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான்: தலை நனையாமல் வேலை பார்க்க வேண்டும். அவர் மேசைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. மழைக்காலம் முழுக்க ஒரு கையில் குடை, மறு கையில் பேனா. தும்மித் தும்மி மூக்கு பழுத்துவிட்டது. பழுது பார்க்கச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "ஒழுகுகிறது என்பதற்குத் தக்க ஆதாரம் தேவை" என்றே பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கிடங்கில் ஒரு பெட்டி நிறையப் பழைய பிலிம் சுருள்கள் அகப்பட்டன. எதற்கும் அர்த்தம் சொல்ல மறுத்த கலைஞர்கள் சிலர் ஓர் இயக்கமாகச் சேர்ந்து எடுத்த பரிசோதனைக் குறும்படங்களாம். மேலதிகாரி எல்லோரையும் கூட்டித் திரையிட்டார்.

முதல் படத்தில் ஒரு நாற்காலி, கடைசிவரை நாற்காலியாகவே இருந்தது. மேலதிகாரி "ஆகா!" என்றார். எல்லோரும் "ஆகா!" என்றார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

அடுத்த படத்தில், கூரையிலிருந்து ஒரு மேசைமேல் தண்ணீர் சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது. படம் முடிந்தது.

எழுத்தர் துள்ளி எழுந்தார். "ஐயா, இதை நம்ம ஆபீஸ்லயேதான் எடுத்திருக்காங்க! இது நம்ம கூரை! அது என் மேசை! ஆதாரம் கேட்டீங்களே, இதோ!"

மேலதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா ஒரு மாபெரும் கலைப்படைப்புக்குக் கீழயா உட்கார்ந்திருந்தீங்க?"

"படைப்பு இல்லைங்க, ஓட்டை."

"முதல்ல வாயைக் கழுவுங்க!"

அன்றே அந்த ஒழுக்கு பாதுகாக்கப்பட்ட கலைச்சின்னம் என அறிவிக்கப்பட்டது. படத்தில் மேசை இருப்பதால் மேசையை நகர்த்தக் கூடாது. மேசை இருந்தால் ஆளும் இருந்தாக வேண்டும். ரசிகர்கள் வந்து குவிந்தார்கள். எழுத்தர் தலையில் விழுந்த சொட்டைப் பார்த்து, "என்ன ஒரு மௌனம்!" என்று உருகினார்கள். அவர் தும்மினால் முறைத்தார்கள். வசதியுள்ளவர்கள் கொத்தனாரை அழைத்துத் தங்கள் வரவேற்பறைக் கூரையிலும் ஓட்டை போட்டுக்கொண்டார்கள்.

கோடை வந்தது. ஒழுக்கு நின்றுவிட்டது. கலைக்கு ஏது விடுமுறை? அவசரக் கூட்டம் கூடியது. ஒழுக்கில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்ற முறையில், எழுத்தரையே மொட்டை மாடியில் நின்று தண்ணீர் ஊற்றப் பணித்தார்கள். சொட்டுக் காப்பாளர் என்று பதவி, கூடுதல் சம்பளம், நிழலுக்கு ஒரு பந்தல். அவர் தும்மலும் நின்றது. பாவம், நல்ல மனுஷர்தான். முதல் நாள் குடத்தைத் தூக்கக் கை கூசியது. சம்பளம் வந்ததும் கூச்சம் போய்விட்டது.

கீழே அந்த மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஈரத் தலையோடு மாடியேறி வந்தாள்.

"அண்ணே, நீங்களும் அங்க உட்கார்ந்து நனைஞ்சவர்தானே? மேல சொல்லி அடைக்கச் சொல்லுங்களேன். ஒழுகுது அண்ணே."

காப்பாளர் அவளைக் கனிவோடு பார்த்தார்.

"ஒழுகுதா? ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு, குடத்தைச் சாய்த்தார்.