முள்ளையா வேனுக்கு ஹைட்ராலிக் போட்ட கதை

ஒரு காட்டில், போனில் சிக்னல் இரண்டு கோட்டுக்கு மேல் ஏறாத ஒரு காட்டில், முள்ளையா என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மற்ற முள்ளம்பன்றிகளெல்லாம் மண்ணில் வளை தோண்டிக் குடியிருக்க, முள்ளையா மட்டும் வேனில் குடியிருந்தது. சுற்றுலா வந்த மனிதர்கள் ஆற்றங்கரையில் விட்டுவிட்டுப் போன வேன் அது. உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. இன்ஜின் மட்டும் இல்லை. அதை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூரையில் சோலார் தகடு இருந்ததால் கடிகாரம் ஓடியது. அந்த வண்டியில் ஓடுகிற ஒரே சாமான் அதுதான்.

வேனில் ஒரு விசேஷம் இருந்தது. பக்கச் சுவரில் ஒரு பகுதி மேசை டிராயர் மாதிரி வெளியே வரும். கைப்பிடியை எண்பத்து நாலு சுற்று சுற்றினால் நாலடி அகலத்துக்குக் கூடுதலாக ஓர் அறை கிடைக்கும். திருப்பிச் சுற்றினால் அறை உள்ளே போய்விடும், நடக்க ஒன்றரை அடிதான் மிஞ்சும். போன மழையில் அதன் பல்சக்கரம் துருப்பிடித்தது. அறை உள்ளேயே மாட்டிக்கொண்டது.

ஒன்றரை அடியில் ஒரு முயல் தம்பதி வாழலாம். அணில் என்றால் வாடகைக்கே விடலாம். முள்ளம்பன்றி என்ன செய்யும்? முள்ளையாவின் மனைவி சிலுப்பாயி தோசையைத் திருப்பத் தானும் திரும்பினால் முள்ளையாவின் விலாவில் நாலு முள் ஏறும். முள்ளையா வலியில் திரும்பினால் சிலுப்பாயியின் தொடையில் ஆறு ஏறும். தோசை கருகும். ஒவ்வொரு காலையும் இப்படித்தான்.

ஒருநாள் சிலுப்பாயி அடுப்பை அணைத்துவிட்டு அமைதியாகச் சொன்னது.

"ஏங்க, வர்ற பௌர்ணமி வரைக்கும் பார்ப்பேன். இந்த வீட்டுக்குள்ள நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரையும் குத்தாம முழுசா ஒரு சுத்து சுத்தணும். முடியலேன்னா எங்க அண்ணன் வளைக்குப் போயிடுவேன்."

சொன்னதோடு நில்லாமல் தோசைக்கல்லைத் துணியில் சுற்றியும் வைத்தது. தோசைக்கல்லைச் சுற்றிவிட்டால் சிலுப்பாயி பேச்சு மாறாது என்று முள்ளையாவுக்குத் தெரியும். அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடி ஓடியது.

மெக்கானிக் ஒரு வௌவால். பெயர் தொங்கராசு. மற்ற மெக்கானிக்குகள் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து முதுகில் கல் குத்தக் கஷ்டப்படுவார்கள். தொங்கராசு அச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்கும். அதன் தொழில் ரகசியமே அவ்வளவுதான். துருப்பிடித்த பல்சக்கரத்தைப் பார்த்ததும் அது நாக்கைச் சப்புக்கொட்டியது.

"அண்ணே, கைப்பிடியெல்லாம் போன தலைமுறை. டிப்பர் லாரி எப்படி மண்ணைக் கொட்டுது? ஜேசிபி எப்படிக் கையை நீட்டுது? எல்லாம் எண்ணெய், அண்ணே. பம்பு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் தண்டைத் தள்ளும், தண்டு ரூமைத் தள்ளும். நீங்க சுவிட்சுல ஒரு விரலை வச்சுட்டு டீ குடிக்கலாம்."

மலைப்பாதையில் கவிழ்ந்து கிடந்த டிப்பர் லாரியிலிருந்து உருளைத் தண்டுகள் வந்தன. மூன்று நாள் வேலை நடந்தது. முடிந்ததும் தொங்கராசு தலைகீழாகவே நாலு விதிகளைச் சொன்னது. வண்டி மட்டமாக நிற்க வேண்டும். அறை வருகிற வழியில் யாரும் நிற்கக் கூடாது. எண்ணெய் அளவை அறை உள்ளே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், வெளியே இருக்கும்போது தொட்டியில் குறைந்த மாதிரிதான் தெரியும், ஏமாந்து ஊற்றிவிடக் கூடாது. நாலாவது விதிக்கு மட்டும் அது குரலைத் தாழ்த்தியது.

"விரலை முழுசா முடியற வரைக்கும் எடுக்காதீங்க அண்ணே. நடுவுல விட்டா ஒரு முனை முந்தி, ஒரு முனை பிந்தி, ரூமு கோணிக்கும். வாழ்க்கையில எதை வேணா பாதியில விடுங்க. ஹைட்ராலிக்கை விடாதீங்க."

முள்ளையா உடனே சுவிட்சைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. நேரம் பார்க்காமல் எப்படித் தொடும்? வேனின் உட்சுவரில் சுவரடியார் என்றொரு பல்லி இருந்தது. வாடகைக்குப் பதிலாக அது நல்ல நேரம் சொல்லும். மூக்கால் பேசும். "நிகழும் புதன்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு மேல், ஸ்திர லக்னத்தில், அறை வெளித்தள்ளல் சுபம்" என்று அது அறிவித்தது. தள்ளித் தள்ளி நகர்கிற அறைக்கு எதற்கு நகராத லக்னம் என்று தொங்கராசு கேட்டது. சுவரடியார் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது.

புதன்கிழமை ஒன்பதே காலுக்குச் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இன்ஜினே இல்லாத வண்டி அவற்றின்மேல் எப்படி ஏறும் என்று யாரும் யோசிக்கவில்லை. முள்ளையா விரலை வைத்தது. பம்பு முனகியது. சுவர் மெல்லக் கிளம்பியது.

அன்றைக்கு எறும்புகளுக்கு ரேஷன் நாள் என்பதும், வரிசை வேனை ஒட்டித்தான் நிற்கும் என்பதும் முள்ளையாவுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இரண்டாவது விதி போச்சு. அறை வரிசையை அப்படியே நாலடி தள்ளிக்கொண்டு போனது. ஆனால் எறும்புகளாயிற்றே, ஒன்றுகூட இடம் மாறவில்லை. "இடிக்காதீங்க, நாங்களும் காலையிலேர்ந்து நின்னுட்டுத்தான் இருக்கோம்" என்று ஓர் எறும்பு அறையைப் பார்த்துச் சொன்னது. அறை எல்லாருக்கும் பின்னால்தான் வந்தது, டோக்கன் வாங்கிக் கடைசியில் போய் நிற்கட்டும் என்று இன்னொன்று தீர்ப்புச் சொன்னது.

உள்ளே பால் காய்ச்சினார்கள். சிலுப்பாயி புது அறைக்கு நடுவில் போய் நின்றது. கண்ணை மூடிக்கொண்டது. முள்ளெல்லாம் விரித்துச் சுற்ற ஆரம்பித்தது. கால்வாசிச் சுற்று முடிந்திருக்கும். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வாசலில் முள்ளையாவின் அக்கா சுணையம்மாள், அதன் வீட்டுக்காரர், நாலு பிள்ளைகள், நாலு பாய்.

பால் காய்ச்சுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றது சுணையம்மாள். ஆனாலும் தான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ரகமில்லை என்றது. பால் காய்ச்சின வீட்டிலிருந்து உடனே கிளம்பினால் வீட்டுக்கு நல்லதில்லை, ஒரு மாதமாவது இருந்து கொடுக்கிறோம் என்றது. அதற்குள் பிள்ளைகள் பாயை விரித்துவிட்டன. நாலடி அறை நாலு பாய்க்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. சிலுப்பாயி பழைய ஒன்றரை அடிக்கே திரும்பி வந்தது. வரும் வழியில் மூன்று பேரைக் குத்தியது. அதில் ஒன்று வேண்டுமென்றே.

சுணையம்மாளின் வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஏதாவது உதவி செய்தே தீருவார். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்தார். குறைவாக இருந்தது. மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த இலுப்பெண்ணெயை விளிம்பு வரைக்கும் ஊற்றி மூடினார். மூன்றாவது விதியும் போச்சு.

மறுநாள் ஆற்றிலிருந்து அதிகாரி ஏறி வந்தது. கரையோரக் கண்காணிப்பாளர் நீர்நாய். ஈரம் சொட்டச் சொட்ட ஓர் அறிவிப்பை எடுத்து, மூச்சு விடாமல் படித்தது. ஆற்றங்கரையில் நூறடிக்குள் வீடு என வகைப்படுத்தத்தக்க எப்பொருளும் படிவம் அ-வின்படி இடிக்கப்படும். வாகனம் என வகைப்படுத்தத்தக்க எப்பொருளும் ஏழு நாளுக்கு மேல் நிற்குமாயின் படிவம் ஆ-வின்படி மலைக்கு அப்பால் இழுத்துச் செல்லப்படும்.

இது வீடா வாகனமா என்று முள்ளையா பயந்துகொண்டே கேட்டது. அறை வெளியே இருந்தால் வீடு, உள்ளே இருந்தால் வாகனம் என்றது நீர்நாய். எது வேண்டுமென்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், அதில் அலுவலகம் தலையிடாது என்றும் சொன்னது. இதே தாளில் பக்கத்துக் குட்டையில் இருக்கிற ஆமைக்கும் ஒரு நகல் போயிருந்தது. தலை உள்ளே இருந்தால் வீடு, வெளியே இருந்தால் வாகனம்.

வெள்ளிக்கிழமை பத்தரை தாண்டி ஐந்து நிமிடத்தில் யானையோடு வருவதாகச் சொல்லிவிட்டு நீர்நாய் தண்ணீரில் குதித்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் பௌர்ணமியும்.

முள்ளையா வியாழக்கிழமை முழுக்கச் சாப்பிடவில்லை. மலைக்கு அப்பால் கிழங்கு கிடைக்காது. ஆனால் இடிபட்டால் வேனே கிடைக்காது. எப்படியானாலும் சிலுப்பாயி போய்விடும். கடைசியில், இழுத்துக்கொண்டு போனாலாவது அண்ணன் வளைக்கு அது போகிற தூரம் கூடும், வழியில் மனசு மாறலாம் என்று கணக்குப் போட்டு, அறையை உள்ளே இழுத்துவிட முடிவு செய்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே சுணையம்மாளிடம் பாயைச் சுருட்டச் சொன்னார்கள். சுருட்டுவதற்குள் பத்து இருபத்தெட்டு. கடைசிப் பிள்ளை இறங்கியதும் முள்ளையா சுவிட்சில் விரலை வைத்தது. தொட்டி நிறைந்திருந்ததால் எண்ணெய்க்குத் திரும்பிப் போக இடமில்லை. மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வழிந்தது. வேனுக்கடியில் தொங்கிக்கொண்டிருந்த தொங்கராசு, காட்டிலேயே முதல்முறையாக எண்ணெய்க் குளியல் போட்ட வௌவால் ஆனது. அறை நத்தை மாதிரி நகர்ந்தது. ஓர் அடி வந்தது. ஒன்றரை. இரண்டு.

சுவரில் சுவரடியார் மூன்று முறை கத்தியது.

"பத்து முப்பது. ராகு காலம் ஆரம்பம். செய்வது எதுவாயினும் நிறுத்துக."

"எடுக்காதீங்க அண்ணே" என்று அடியிலிருந்து கெஞ்சல் வந்தது. ஆனால் முள்ளையாவின் வம்சத்தில் ராகு காலத்தில் யாரும் முதுகைக்கூடச் சொறிந்ததில்லை. மூளையைக் கேட்காமலே விரல் விலகிவிட்டது. நாலாவது விதியும் போச்சு. அறை இரண்டடி உள்ளே, இரண்டடி வெளியே, கொஞ்சம் கோணலாக நின்றது.

ஐந்து நிமிடத்தில் நீர்நாய் வந்தது. பின்னால் யானை. நீர்நாய் டேப்பை எடுத்து இரண்டு தடவை அளந்தது. படிவம் அ-வில் முதல் கேள்வி, அறை முழுவதும் வெளியே உள்ளதா. இல்லை. படிவம் ஆ-வில் முதல் கேள்வி, அறை முழுவதும் உள்ளே உள்ளதா. இல்லை. இரண்டு படிவத்திலும் அதற்குக் கீழே ஒரே வரிதான் இருந்தது: 'இல்லை எனில் மற்றப் படிவத்தைக் காண்க.'

நீர்நாய் அ-வைப் பார்த்து ஆ-வுக்குப் போனது. ஆ-வைப் பார்த்து அ-வுக்கு வந்தது. ஏழெட்டுத் தடவை போய் வந்ததில் அதன் மீசை காய்ந்தே போயிற்று.

"ஐயா, நான் இடிக்கணுமா, இழுக்கணுமா?" என்று யானை கேட்டது. "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை."

நீர்நாய் இரண்டு தாளையும் மடித்து வைத்தது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றது. போன தடவை ஒரு மரத்தை வெட்டலாமா என்று எழுதிக் கேட்டார்களாம், பதில் வருவதற்குள் அந்த மரம் கிழடாகித் தானே விழுந்துவிட்டதாம். அதுவரை இந்தப் பொருள் வீடுமில்லை, வாகனமுமில்லை. முழுசாக வெளியே வந்தாலோ உள்ளே போனாலோ தகவல் சொல்லி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு அது போனது. யானை ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

அடுத்த நொடி சுணையம்மாள் பாய்களோடு உள்ளே வந்தது. நீளவாக்கில் விரித்துப் பார்த்தது. இரண்டடியில் பாய் சுவரில் ஏறி நின்றது. குறுக்கே விரித்தது. கோணலில் தரையும் ஒரு பக்கம் சரிந்திருந்ததே, கடைசிப் பிள்ளை உருண்டு உருண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டது. மூன்று தடவை பிள்ளையைப் பொறுக்கி வந்த பிறகு சுணையம்மாள் மூச்சிரைக்கச் சொன்னது.

"இது என்ன ரூமு தம்பி, படுத்தா ஓடுது. முழுசாத் திறந்ததும் சொல்லி விடு, நாங்க வர்றோம்."

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்தது. இனி அறையை எப்பக்கம் தள்ளினாலும் சுபம் என்றது சுவரடியார். எண்ணெயைத் துடைத்தபடி வந்த தொங்கராசு, முதலில் இந்தக் கோணலை எடுங்கள், என் தொழிலுக்கே அசிங்கம் என்றது. முள்ளையா விரலைச் சுவிட்சுக்குக் கொண்டு போனது.

சிலுப்பாயி அறைக்கு நடுவில் நின்றிருந்தது. கையில் தோசைக்கரண்டி. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மெதுவாகச் சுற்றியது. கால்வாசி. அரைவாசி. முள் எதுவும் எதிலும் படவில்லை. கோணலால் ஒரு பக்கம் ஒரு விரல் இடம் மிச்சம், மறுபக்கம் மூன்று விரல். முக்கால். முழுச் சுற்று. நம்பிக்கை வராமல் எதிர்ப்பக்கமும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. பிறகு துணியைப் பிரித்துத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தது.

"ஏங்க, கையை எடுங்க."

"பாதியில நிக்குதே, சிலுப்பு."

"நிக்கட்டும். தொட்டீங்கன்னா குத்துவேன்."

முள்ளையா கையை எடுத்தது. அதற்கப்புறம் அந்தச் சுவிட்சை யாரும் தொட்டதில்லை. மாதம் ஒருமுறை நீர்நாய் வந்து டேப்பை வைத்து அளந்துவிட்டு, பதில் இன்னும் வரவில்லை என்று சொல்லி ஒரு தோசை சாப்பிட்டுப் போகும்.

குட்டையிலிருந்த ஆமை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. படிவம் எழுதப் பேனாவைத் திறந்தபடி நீர்நாய் தன் பக்கம் வருவது தெரிந்ததும், தலையைச் சரியாகப் பாதி வெளியே நீட்டி, அப்படியே வைத்துக்கொண்டது.

நீதி: எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டுவிடுங்கள். முழுசாக முடித்தவர்கள் வீட்டுக்குத்தான் அதிகாரியும் அறிவிப்போடு வருவார், அக்காவும் பாயோடு வருவார்.