கூழ் மாஸ்டரின் அலுமாரி

உலகத்தின் எந்த மூலையில் மரம் சாய்ந்தாலும் புதுக்குடியிருப்பில் ஒருவருக்கு நெஞ்சு படபடக்கும். அவர்தான் எங்கள் ரியூசனில் புவியியல் படிப்பித்த கூழ் மாஸ்டர். தாய் தகப்பன் வைத்த பெயரும் ஒன்று இருந்திருக்கும். அது தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

பாடத்தை மழைவீழ்ச்சியில் தொடங்கினாலும் பத்தாவது நிமிடம் காகிதக்கூழ் ஏற்றுமதியில் வந்து நிற்பார். கரும்பலகையின் நடுவே கோடு விழும். ஒரு பக்கம் பெரிய பொருளாதார நாடு, மறுபக்கம் வறிய நாடுகள்.

“பெரிய நாடு கூழையும் விக்குது, கடதாசியையும் விக்குது. வறிய நாடு கூழை மட்டும் வித்துப்போட்டு, பிறகு அதையே எழுதுற கொப்பியாய்த் திரும்ப வாங்குது. எங்களிட்டை விக்கிறதுக்குக் கூழும் இல்லை. கப்பல் வராட்டி என்ன செய்யப் போறியள்?”

“பக்கத்துக் கடையிலை வாங்குவம் சேர்,” என்றேன். வகுப்பே சிரித்தது.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கடைக்காரன் எங்கை வாங்குவான்?”

கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்தில்தான் குறிப்பு எழுதுவார். மருந்துப் பெட்டியைப் பிரித்து வரைபடம் கீறுவார். இப்படிப்பட்டவர் செய்த ஒரு காரியம் மட்டும் எங்களுக்கு விளங்கவேயில்லை. சோதனை எழுதும்போது தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுத வேண்டும். மறுபக்கத்தில் பேனை பட்டால் புள்ளி குறையும். எழுதிய தாள்களைத் திருப்பித் தரவும் மாட்டார். புள்ளியை மட்டும் வாசித்துவிட்டு, கட்டிக்கொண்டு போய் வீட்டு அலுமாரியில் பூட்டிவிடுவார். ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவுகட்டினோம்.

காலம் ஓடி, நானே அதே ரியூசனில் பொருளியல் படிப்பிக்கப் போனபோது, அவர் பயந்த நாள் வந்தேவிட்டது. நாட்டில் டொலர் இல்லை. கப்பல் இல்லை. கடையில் கடதாசியும் இல்லை. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

என் தங்கை வாணிக்கு அது மூன்றாவது, கடைசித் தடவை. அதுவும் தவறினால் பல்கலைக்கழகக் கம்பஸை மறந்துவிட வேண்டியதுதான். அவளுக்குப் பாடம் தெரியும், நேரம்தான் போதாது. இரண்டு தடவையும் புவியியலில் கடைசிக் கேள்வியைத் தொடுமுன்பே மணி அடித்துவிட்டது. மணிக்கூட்டை வைத்து மாதிரிப் பரீட்சை எழுதிப் பழகினால்தான் தப்பலாம். எதில் எழுதுவது? பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் ஏழு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பினேன். வாணி அன்று சாப்பிடவில்லை.

வேறு வழியில்லாமல் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

“வந்திட்டுதோ?” என்றார், வெள்ளம் படலை வரை வந்துவிட்டதா என்று கேட்பதுபோல.

“ஓம் சேர். கடையிலை ஒரு தாள் இல்லை.”

சொன்னது பலித்த பெருமை முகத்தில் துளியும் இல்லை. அதற்குள் அடுத்த பயம் பிடித்துவிட்டது. “தம்பி, இந்தப் பேனை மை எந்த நாட்டிலை இருந்து வருது?”

எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். மேல்தட்டு முதல் அடித்தட்டு வரை எங்கள் பழைய சோதனைத் தாள்கள், வருடவாரியாகக் கட்டியபடி. ஒரு கட்டை எடுத்துக் கவிழ்த்தார். அத்தனையும் வெள்ளை.

“மூண்டு கிழமைக்கு இது காணுமோ, போதுமோ தம்பி?” என்று கவலையோடு கேட்டார். அவரைப் பார்த்துச் சிரித்த நாட்களை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மாஸ்டரே ரியூசனுக்கு வந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினார். முதலாவது கேள்வி என்னவென்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் பழைய மாணவர்களின் தாள்களின் வெற்றுப் பக்கத்தில் எழுதிப் பழகினார்கள். மூன்றாவது வாரம் வாணி கடைசிக் கேள்வியையும் முடித்துவிட்டு மணிக்காகக் காத்திருந்தாள். இப்போது கம்பஸில் படிக்கிறாள். மாஸ்டர் ஓய்வெடுக்கப் போன ஒட்டுசுட்டானில், காட்டு யானைக்குப் பயந்துகொண்டு இருக்கிறார்.

பிள்ளைகள் அந்த மூன்று வாரமும் எழுதிப் பழகிய தாள்களை மட்டும் மாஸ்டர் திருப்பிக் கொடுத்திருந்தார். வாணி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“அண்ணா, இது உங்கட எழுத்தெல்லோ?”

என்னுடையதுதான். கூழ் ஏற்றுமதியை ஒப்பிடச் சொன்ன கேள்விக்கு, ‘பக்கத்துக் கடையில் வாங்கலாம்’ என்று ஒரே வரியில் எழுதிவைத்திருந்தேன். பூச்சியம் போட்டிருந்தார். அதன் கீழே, நான் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், சிவப்பு மையில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்:

‘இவனைப் பற்றி மட்டும் எனக்குப் பயமில்லை.’