வீரபாகுவின் கழுத்துப் பட்டை

ஒரு காட்டில், அதாவது வனத்துறை மட்டும் காடு என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு சீமைக் கருவேலப் புதரில், வீரபாகு என்ற குள்ளநரியும் அவன் மனைவி வடிவும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். வடிவுக்கு நிறைமாதம். புதுச் சாலை ஒன்றும் அந்த வளை வழியாகத்தான் வருவதாக இருந்தது.

ஒருநாள் ரேஞ்சர் வீரபாகுவைக் கூண்டில் பிடித்து, கழுத்தில் ஒரு பட்டையை மாட்டினார். "இவன் போறது, படுக்கிறது எல்லாம் இனிமே என் போன்ல தெரியும். எங்க அதிகமா இருக்கானோ அதான் இவன் வீடு. அந்த இடத்தை விட்டுச் சாலையை வளைச்சிடலாம்" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே கூண்டைத் திறந்துவிட்டார்.

வீரபாகுவுக்குத் தலைகால் புரியவில்லை. அரசாங்கமே வீட்டைக் காப்பாற்றப் போகிறது! ஆனால் மனைவி சினையாக இருக்கும் பருவத்தில் ஆண் நரி எப்படி வீட்டில் படுத்திருக்க முடியும்? அவளுக்கு நண்டு ஆசை வந்தால் ஏரிக்கு ஓட வேண்டும். எலி என்றால் நெல்வயல். வெள்ளரிப்பிஞ்சு என்றால் பக்கத்து ஊர். பாவம், ஓடியே தேய்ந்தான்.

ரேஞ்சர் போனைப் பார்த்தார். புள்ளி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. "இது வீடுவாசல் இல்லாத நாடோடி. சாலையை நேராவே போடுங்க" என்றார். மறுநாளே பொக்லைன் வந்து புதரோரம் நின்றது.

வீரபாகு அழுதேவிட்டான். "வீட்டுக்காகத்தான் ஓடினேன் வடிவு. ஓடினதால எனக்கு வீடே இல்லைங்கறாங்க."

"அழுது என்ன ஆகப்போவுது? இங்க வாங்க, அந்தச் சனியனைக் கடிச்சுப் போட்டுடறேன். நான் அது மேலயே படுத்துக்கறேன். குட்டி போடுற வரைக்கும் நான் எங்க போகப் போறேன்?"

அப்படியே செய்தாள். படுத்தவள் அசையவில்லை. பட்டையும் அசையவில்லை. அசையாத பட்டை என்றால் செத்த நரி என்று ரேஞ்சரின் போன் அறிவித்தது.

அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத அதிகாரிகள் எல்லாம் மாலையோடு வந்து இறங்கினார்கள். "நம் மாவட்டத்தில் முதன்முதலில் பட்டை அணிந்த நரி!" என்று ஒருவர் தழுதழுத்தார். வளைக்குள் கிடக்கும் உடலைத் தோண்டி எடுப்பது மரியாதையில்லை என்று முடிவாயிற்று. பொக்லைன் திரும்பிப் போனது. வளைக்கு முன்னால் நாய் மாதிரி ஒரு நரிச் சிலை எழுந்தது. சிலைமேல் கை வைக்க எந்தக் கான்ட்ராக்டருக்குத் துணிச்சல் வரும்? சாலை பவ்யமாக வளைந்து போனது.

சிலைத் திறப்பு விழாவில் படைத்த கோழிக்கறியை வீரபாகு பின்வழியாக வளைக்குள் இழுத்து வந்தான். குட்டிகள் கத்திக்கொண்டு பாய்ந்தன.

வடிவு அதட்டினாள். "சத்தம் போடாமத் தின்னுங்க. வெளிய உங்கப்பாவுக்கு மௌன அஞ்சலி நடக்குது."

நீதி: குடும்பத்துக்காக ஓடி ஓடி உழைப்பவர்களே, ஒருமுறை செத்துப் பாருங்கள், வீடு நிலைக்கும், சாப்பாடும் வந்து சேரும்.