வியாழக்கிழமைப் பந்தலும் முப்பத்தொரு மில்லிமீட்டரும்

சிலமலையில் இருக்கும் மரியாதைக்குரிய மூத்த மச்சான் மலைச்சாமி அவர்களுக்கு, போடியிலிருந்து தங்கள் தங்கை புருஷன் ஜக்கையன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் அன்னக்கொடியும் மாடியில் உள்ள மழைமானியும் சௌக்கியம். அங்கு தாங்களும் அக்காவும் தங்கள் மகள், என் மருமகள் சிவரஞ்சனியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தாங்கள் நமது 'போடி வானம்' வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டீர்கள். போன் செய்தாலும் எடுப்பதில்லை. ஆகவே காகிதத்தில் எழுதி, ஜீப் ஓட்டும் முனீஸ்வரனிடம் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் ஒன்றுதான். வியாழக்கிழமை சாயங்காலம் மழை நிச்சயம். மருமகள் நிச்சயதார்த்தத்துக்கு வாசலில் பந்தல் போடாதீர்கள், ஊர் மண்டபத்தைப் பிடியுங்கள். "வானத்தப் பத்தி வாயத் தொறந்தா, தட்டு மாத்தும்போது நீ எம்பக்கத்துல நிக்க வேணாம் மாப்ளே" என்று தாங்கள் சொல்லியனுப்பியது எனக்கு வந்து சேர்ந்தது. தாய்மாமனுக்கு அடுத்தபடி நிற்க வேண்டியவன் நான். அந்தப் பிள்ளைக்குக் காது குத்தும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

ஆயுத பூஜை அன்று நடந்ததை மனதில் வைத்துத்தான் தாங்கள் பேசுகிறீர்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் நனைந்து இறங்கினால் மலையில் மழை, மறுநாள் அடிவாரத்தில் மழை என்பது என் ஐந்து வருடக் கணிப்பு. மாடியிலிருந்து பார்த்தால் ஜீப்பின் தார்ப்பாய் மட்டும்தான் தெரியும். அன்று பதினேழு ஜீப், பதினேழும் சொட்டச் சொட்ட வந்தது. உடனே "நாளை கனமழை, தானியத்தை எடுத்து வைக்கவும்" என்று குழுவில் போட்டேன். தாங்கள் காயப்போட்ட மக்காச்சோளத்தை ஆள் வைத்து அள்ளி வீட்டுக்குள் குவித்தீர்கள், மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது, சோளம் பூசணம் பிடித்தது. பூஜைக்காக டிரைவர்கள் எல்லோரும் ஓடையில் ஜீப்பைக் கழுவியிருக்கிறார்கள். அன்று காலையில் என் மழைமானிக்கு நானே சந்தனமும் குங்குமமும் வைத்தேன், அப்படியும் எனக்கு அது புத்தியில் ஏறவில்லை. "மாப்ளே மழைன்னு சொன்னா தைரியமாக் காயப்போடலாம்" என்று தாங்கள் டீக்கடையில் சொன்னதைக் கேட்டு ஊரே சிரித்தது. சிரிக்கட்டும்.

இந்தத் தடவை அப்படி இல்லை. ஏலக்காய்க் கடையில் முப்பது வருடம் சல்லடை பிடித்தவன் நான். ஏழு மில்லிமீட்டர் காயை எட்டு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இன்று காலை மழைமானியில் முப்பத்தொரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றது. மூன்று முறை அளந்துவிட்டுத்தான் குழுவில் போட்டேன். தெரு காய்ந்து கிடந்ததே என்பீர்கள். நம்ம ஊர்க் காற்றுக்குச் சாரல் மாடியோடு போயிருக்கும். இது முதல் மழை, வியாழக்கிழமை வருவது அடுத்தது. அன்னக்கொடி "ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா" என்கிறாள். இல்லை, மச்சான். இதுதான் என் சோலி. பக்கத்தில் நிற்க விடாவிட்டாலும் பரவாயில்லை, குடையோடு வாசலில் நிற்பேன். மருமகள் பட்டுச்சேலை நனையக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகள் பதினாறும் பெற்று, நனையாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஜக்கையன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அன்னக்கொடி வாங்கிப் படித்தாள். "அய்யய்யோ, அது மழையில்ல. நம்ம வீட்டு நிச்சயத்துக்கு விரிக்கன்னு நேத்து ஜமுக்காளத்த அலசி, தண்ணி வடியட்டும்னு மாடிக் கொடியில போட்டேன். பெறகுதான் எடுத்துப் பின்கட்டுல விரிச்சேன்" என்கிறாள். கொடிக்கு நேர் கீழேதான் மழைமானி. ஆக, வியாழக்கிழமை மழை கிடையாது. பந்தலே போடுங்கள் என்று எழுத வந்தேன்.

அதற்குள் தேவாரத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பாண்டித்துரை போன் செய்துவிட்டார். "அண்ணே, வியாழக்கிழமை மழைன்னு நீங்க குழுவுல போட்டதப் பாத்தேன். பந்தலு வேணாம், மண்டபந்தான்னு மலைச்சாமியண்ணன்கிட்ட இப்பத்தான் கறாராச் சொன்னேன். சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் குடை கொண்டாங்கன்னு சொல்லியாச்சு. ஒங்களப் போல ஒரு மாமா இருக்கறது அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பினை" என்றார். அந்தச் சோளத்துக்குப் பிறகு என் வார்த்தையை நம்பிய முதல் ஆள் மச்சான், அதுவும் நம் சம்பந்தி. ஜமுக்காளம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே தாங்கள் மண்டபத்தை விட்டுவிடாதீர்கள். ஜமுக்காள விஷயம் நம் மூவரோடு இருக்கட்டும். மழைக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள். நான் தட்டு மாற்றும்போது தங்கள் பக்கத்தில் நிற்க மாட்டேன். நாலு குடம் தண்ணீரோடு மண்டபத்து மொட்டை மாடியில் இருப்பேன்.